பாத்திரத்தைக் கவிழ்த்தவர்கள்: பர்மிய பிக்குகள், காலனிய எதிர்ப்பு, சமதர்மம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் சில சொற்கள். சங்கம், போன்ஜீ, தக்கின் என்றால் என்ன?

தமிழில் சங்கம் என்றதும் தொழிற்சங்கம் முதல் தமிழ்ச் சங்கம் வரை பலதும் நினைவுக்கு வரும். இங்கே சங்கம் என்று மட்டும் வந்தால் அது பிக்கு சங்கம். பர்மியர்கள் பிக்குவைப் போன்ஜீ என்பார்கள். பெரும் புகழ் உடையவர் என்று பொருள். வெள்ளை அதிகாரிகளின் கோப்புகளில் 'அரசியல் போன்ஜீ' என்ற தொடர் வசைபோலவே புழங்கியது. பெயருக்கு முன்னால் வரும் 'ஊ' மரியாதைச் சொல். தக்கின் என்றால் எஜமான். நம்மூரில் வெள்ளைக்காரரைத் துரை என்று அழைத்ததுபோல அங்கே தக்கின் என்று அழைக்க வேண்டியிருந்தது. 1930-களில் இளைஞர்கள் அந்தப் பட்டத்தைத் தங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டார்கள். தக்கின் நூ, தக்கின் ஆங் சான், தக்கின் தான் துன் எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான்.

உலகைத் துறந்தவர்கள் அரசியலுக்குள் எப்படி வந்தார்கள்?

1885-ல் மாண்டலே வீழ்ந்தது. தீபா மன்னர் இரத்தினகிரிக்கு நாடு கடத்தப்பட்டார். சங்கத்துக்குத் தலைவரை நியமிப்பதும் சங்கத்துக்குள் ஒழுங்கு காப்பதும் அதுவரை மன்னரின் பொறுப்பாக இருந்தன. மதத்தில் தலையிடமாட்டோம் என்ற ஆங்கில அரசு அந்தப் பொறுப்பை ஏற்கவில்லை. ஊர்ப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த மடத்துப் பள்ளிக்கூடங்களும், ஆங்கிலப் பள்ளிகள் வர வர, வேலைக்கு உதவாத படிப்பு என்று ஒதுக்கப்பட்டன. பிக்குகள் ஊரில் இருந்த இடத்தை இப்படித்தான் இழந்தார்கள்.

அதற்கு மேல் வந்தது செருப்புப் பிரச்சினை. பகோடா முற்றத்தில் ஐரோப்பியர்கள் காலணியோடு நடந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போகிற நமக்கு இதன் வலியை விளக்க வேண்டியதில்லை. 1919 அக்டோபரில் மாண்டலே எய்ன்டோயா பகோடாவில் காலணியோடு வந்த ஐரோப்பியர்களைப் பிக்குகள் அடித்து விரட்டினார்கள். ஒரு பிக்குவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ரங்கூன் பல்கலைக்கழகச் சட்டத்தை எதிர்த்து வெளியேறிய மாணவர்களுக்கு ஷ்வேடகோன் பகோடாவைச் சுற்றியிருந்த சத்திரங்களும் மடங்களும் இடம் கொடுத்தன. அதற்குப் பிறகு மடமும் போராட்டமும் பிரியவே இல்லை.

ஊ ஒத்தமா சோஷலிஸ்டா?

இல்லை. அவரைச் செங்கொடிக்காரராகக் காட்டும் எழுத்துகள் பிற்கால ஆசையிலிருந்து எழுதப்பட்டவை. 1879-ல் பர்மாவின் அக்யாபில் பிறந்த பிக்கு அவர். கல்கத்தாவில் படித்தார், டோக்கியோவில் பௌத்த நூல்களின் மொழியான பாலியைக் கற்பித்தார். இந்திய தேசிய காங்கிரஸின் முறைகளைப் பர்மாவுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்: பகிஷ்காரம், கைத்தறி, வரி மறுப்பு. துணைநிலை ஆளுநர் கிராடாக்கை ஊருக்குத் திரும்பிப் போகச் சொல்லிப் பகிரங்கமாக எழுதினார். 1921-ல் ராஜத்துரோகக் குற்றத்துக்காகச் சிறை சென்றார். 1924-ல் மீண்டும் மூன்றாண்டு தண்டனை பெற்றார். 1935-ல் இந்து மகாசபையின் தலைவராகவும் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. 1939 செப்டம்பர் 9 அன்று ரங்கூனில் இறந்தார்.

'பாத்திரம் கவிழ்த்தல்' என்பது உண்மையில் என்ன? எப்படிச் செய்வார்கள்?

பாலியில் பத்தநிக்குஜ்ஜன கம்மம். பத்தம் என்றால் பிச்சைப் பாத்திரம். குறிப்பிட்ட ஓர் இல்லறத்தாரிடமிருந்து இனி உணவோ பொருளோ ஏற்பதில்லை என்று சங்கம் எடுக்கும் முடிவு இது. அவர் வீட்டு வாசலில் யாரும் பாத்திரத்தைத் தலைகீழாகப் பிடித்துக் காட்ட வேண்டியதில்லை. முடிவு மடத்து எல்லைக்குள், சங்கத்தின் நடுவில் நடப்பது.

பிக்குகளின் ஒழுக்க விதித் தொகுப்பான விநயத்தில் இதற்கு எட்டுக் காரணங்கள் உண்டு. பிக்குகளுக்குக் கிடைப்பதைக் கெடுப்பது, அவர்களுக்குத் தீங்கு செய்வது, குடியிருப்பை விட்டு விரட்டப் பார்ப்பது, வைவது, அவர்களுக்குள் பிளவு மூட்டுவது, பிறகு புத்தர், தம்மம், சங்கம் என்ற மூன்றையும் பழிப்பது. இவற்றில் ஒன்று போதும். முதன்முதலில் இது செய்யப்பட்டது வட்டன் என்ற லிச்சவிக் குலத்தவனுக்கு எதிராக. குற்றமற்ற பிக்கு தப்ப மல்லபுத்தர் மீது பிறர் சொல் கேட்டு அவன் பொய்ப்பழி சுமத்தினான். செய்தியை ஆனந்தர் போய்ச் சொன்னதும் அந்த இடத்திலேயே மயங்கி விழுந்தானாம். அந்தச் சமூகத்தில் தானம் மறுக்கப்படுவது எவ்வளவு பெரிய அடி என்பது இதிலிருந்தே தெரியும்.

செய்யும் முறை இதுதான். சீமை எனப்படும் எல்லைக்குள் இருக்கும் பிக்குகள் எல்லோரும் கூட வேண்டும், குறைந்தது நால்வர். வர இயலாதவர் தம் சம்மதத்தை இன்னொருவர் வழியாகச் சொல்லி அனுப்ப வேண்டும். விவரம் தெரிந்த ஒரு பிக்கு தீர்மானத்தை ஒருமுறை முன்வைப்பார், பிறகு ஒருமுறை அறிவிப்பார். உடன்படுபவர் மௌனமாக இருக்கலாம். மறுப்பவர் பேச வேண்டும். ஒருவர் பேசினாலும் காரியம் நின்றுபோகும். பாத்திரத்தை மறுபடி நிமிர்த்தவும் இதே வழிதான்: சம்பந்தப்பட்டவர் வந்து தவறை ஒப்புக்கொள்ள வேண்டும், சங்கம் மீண்டும் கூட வேண்டும்.

பெரும்பாலும் தவறுவது எல்லையில்தான். சம்மதம் தராத ஒரு பிக்கு அதே சீமைக்குள் இருந்துவிட்டால், எடுத்த முடிவே செல்லாது. பல பிரிவுகளாகக் கிடந்த பர்மிய சங்கத்தில் இது சாதாரணமாக நடக்கக்கூடியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் பிக்குவுக்கு அன்னமிடுபவர் இல்லை. அவரிடம் பாத்திரத்தைக் கவிழ்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. இந்த ஆயுதம் தைத்தது ஊர்க்காரர்களை: வரி வசூலித்துக் கமிஷன் வாங்கிய கிராமத் தலைவர், உளவு சொன்னவர், பகிஷ்காரத்தை மீறியவர். ஆட்சி அவர்கள் தோளில்தான் நின்றது. பர்மிய மொழியில் வேலைநிறுத்தத்துக்கே தபெய்க் மௌக், அதாவது பாத்திரம் கவிழ்ப்பு என்றுதான் பெயர். எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளியும் கல்லூரி மாணவனும் வேலையையும் வகுப்பையும் விட்டு வெளியேறியபோது பிக்குவின் சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள்.

விநய விதிகள் போராட்டத்துக்குத் தடையாக இல்லையா?

தடையாகவும் இருந்தன, போராட்டத்தின் வடிவத்தைத் தீர்மானிக்கவும் செய்தன. பிக்குவுக்கு 227 விதிகள். அவற்றில் நான்கு பாராஜிகம். மீறினால் அந்தக் கணமே துறவு போய்விடும். மனிதக் கொலையும், கொலைக்குத் தூண்டுவதும் அந்த நான்கில் அடங்கும். எனவே 'அடி, வெட்டு' என்று பேசும் பிக்கு, அதனால் ஓர் உயிர் போனால் தன் காவியைத் தானே இழக்கிறார். வரி கட்டாதே, வாக்குப் போடாதே, அந்நியத் துணி உடுத்தாதே என்று சொல்வதற்குத் தடையில்லை. பிக்குகளின் போராட்டம் மறுப்புப் போராட்டமாகவே வளர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது எங்கள் கணிப்பு.

நடைமுறைச் சிக்கல்கள் வேறு. பணத்தைத் தொடக் கூடாது. ஆகவே வசூல், பயணச் செலவு, அச்சுக் கூலி எல்லாம் கப்பியர் எனப்படும் இல்லற உதவியாளர் கையில் இருக்க வேண்டும். கணக்கில் குழப்பம் வந்தால் பிக்குவால் நேரடியாகச் சரிபார்க்க முடியாது. ஜூலைப் பௌர்ணமி முதல் அக்டோபர்ப் பௌர்ணமி வரை மழைக்கால வாசம். மூன்று மாதம் ஒரே மடத்தில் தங்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் ஏழு நாள் வரை வெளியே போய் வரலாம். எனவே ஊர் ஊராகச் சுற்றிப் பேசுவது வறண்ட மாதங்களில்தான். நண்பகலுக்குப் பிறகு உணவு இல்லை என்பதால் ஒரு நாளில் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதையும் விதியே அளந்தது.

விதிக்குள் நின்று இனி முடியாது என்று நினைத்தவர்கள் காவியைக் களைந்தார்கள். பர்மியர் பின்பற்றும் தேரவாதப் பௌத்தத்தில் அது அவமானமில்லை. சாட்சி முன்னிலையில் சில சொற்கள் சொன்னால் போதும். பர்மிய ஆண்களில் பெரும்பாலோர் வாழ்வில் ஒருமுறையாவது மடத்தில் தங்கியவர்கள். மடத்துப் பேச்சும் பாலிச் சொற்களும் தெரிந்த இல்லறத்தார் ஊருக்கு ஊர் இருந்தது இயக்கத்துக்குப் பெரிய பலம்.

பிக்கு ஊ விசாரா எதற்காக 166 நாள் உண்ணாமல் இருந்தார்?

சிறையில் சீவர ஆடையை உடுத்தும் உரிமைக்காக. ஆங்கிலச் சட்டத்தின் கண்ணில் கைதி கைதிதான். உடையைக் களைந்து கைதி உடுப்பைக் கொடுத்தார்கள். பிக்குவுக்கோ இடுப்பாடை, மேலாடை, போர்வை என்ற மூன்று சீவரங்களும் துறவின் அடையாளம். வலுக்கட்டாயமாக அவிழ்ப்பது, தான் விரும்பிக் களையாத துறவைப் பிறர் பறிப்பது. சீவரம் உடுத்தும் உரிமையையும் உபோசதம் எனப்படும் நோன்பு நாளை அனுட்டிக்கும் உரிமையையும் கேட்டு உண்ணாவிரதம் தொடங்கினார். 1929 செப்டம்பர் 19 அன்று 166-ஆம் நாளில் ரங்கூன் சிறையில் இறந்தார். இந்திய விடுதலைப் போராளி ஜதீந்திரநாத் தாஸ் லாகூர் சிறையில் 63 நாள் உண்ணாமல் இருந்து இறந்ததற்கு ஆறு நாள் கழித்து. ஷ்வேடகோனுக்கு அருகே விசாராவின் சிலை நிற்கிறது. சாலைக்கும் அவர் பெயர்தான்.

கிராமத்தில் வேலை எப்படி நடந்தது?

வுந்தானு அதின் என்ற ஊர்ச் சங்கங்கள் வழியாக. இனத்தைக் காப்பது என்ற பொருளுள்ள பாலிச் சொல்லிலிருந்து வந்த பெயர். மடத்துச் சத்திரத்தில் கூடுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள்: கள், சாராயம் கூடாது; உழவு மாட்டைக் கொல்லக் கூடாது; வழக்கைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகாமல் ஊருக்குள் தீர்க்க வேண்டும்; பின்னி எனப்படும் பழுப்பு நிறக் கைநெசவுச் சட்டை உடுத்த வேண்டும். தம்மகதிகர் என்ற பேச்சாளப் பிக்குகள் வட்டம் வட்டமாகச் சுற்றினார்கள். மரபான உபதேசத்தில் பிக்கு பனையோலை விசிறியை முகத்துக்கு நேரே நிறுத்திப் பாலி ஓதுவார். விசிறியைத் தாழ்த்தி வைத்துவிட்டு, கேட்பவர் முகம் பார்த்து, பேச்சு மொழியில் சொல்லும் உபதேசமும் இருந்தது. வரியைப் பற்றிப் பேச அந்த முறைதான் கைகொடுத்தது.

பேச வேண்டிய வரி தலைவரி. கீழ்ப் பர்மாவில் மணமானவருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், மணமாகாதவருக்கு இரண்டரை ரூபாய். நிலம் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே தொகை. விளைந்தாலும் விளையாவிட்டாலும் கட்ட வேண்டும்.

1922 சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தபோது வாக்களித்தவர்கள் 7 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. அதற்குப் பிறகு விரிசல். பர்மிய சங்கங்களின் பொதுப் பேரவை 1920-ல் தோன்றி, சட்டசபைக்குள் போவதா வேண்டாமா, வரி மறுப்பை எவ்வளவு தூரம் கொண்டுபோவது என்பதில் துண்டு துண்டாக உடைந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் ஒரு பிக்கு குழு நின்றது. நகரத்து வக்கீல்களுக்குப் பதவி வேண்டும், கிராமத்துப் பிக்குகளுக்கு வரி நீங்க வேண்டும். இரண்டும் ஒன்றாகப் போகவில்லை.

சாயா சான் பிக்குவா?

முன்பு இருந்தவர். கிளர்ச்சி செய்தபோது நாட்டு வைத்தியர். விவசாயிகளின் குறைகளை விசாரித்துப் பட்டியலிட்ட குழுவில் வேலை செய்துவிட்டு, 1930 டிசம்பர் 22 அன்று தரவாடியில் ஆயுதக் கிளர்ச்சியைத் தொடங்கினார். நாகத்தைக் கொத்தும் கருடன் அவர் சின்னம், நாகம் ஆங்கிலேயர். 1931 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். பச்சை குத்தலையும் தாயத்தையும் மட்டும் காட்டி இதை மூடநம்பிக்கைக் கலகம் என்று எழுதினார்கள் அதிகாரிகள். அந்த ஆண்டு நெல் விலை ஏறத்தாழ பாதியாகச் சரிந்திருந்தது. தலைவரி ஒரு பைசா குறையவில்லை.

சமதர்மம் எப்போது, எந்தச் சொற்களில் வந்தது?

1930-களின் நடுவில், தக்கின்கள் வழியாக. 1937-ல் நகானி, அதாவது செந்நாகம் என்ற புத்தகக் கழகம் தொடங்கி, மலிவு விலையில் இடதுசாரி எழுத்துகளைப் பர்மிய மொழியில் வெளியிட்டார்கள். மொழிபெயர்க்க உட்கார்ந்ததும் சொல் பஞ்சம். கையில் இருந்த ஒரே தத்துவ மொழி பாலி. சுரண்டலின் வேர் லோபம், அதாவது பேராசை ஆயிற்று. வர்க்கமற்ற சமுதாயம் லோக நிப்பானம், இவ்வுலகிலேயே கிட்டும் விடுதலை. (நிர்வாணம் என்று எழுதினால் தமிழில் வேறு பொருள் வந்துவிடும் என்பதால் பாலி வடிவத்தையே வைத்திருக்கிறோம்.)

எல்லாவற்றையும்விட உதவியது, தீக நிகாயம் என்ற பாலி நூல் தொகுப்பில் உள்ள அக்கஞ்ஞ சுத்தம் (பாலியில் சுத்தம் என்றால் உபதேசம்). ஆதியில் உமியும் தவிடும் இல்லாத அரிசி தானாக விளைந்தது. மாலையில் அறுத்தால் காலையில் மறுபடி விளைந்து நிற்கும். ஒருவன் சோம்பல்பட்டு, இரண்டு வேளைக்கும் சேர்த்து ஒரேயடியாக அள்ளி வந்தான். அதைப் பார்த்து இன்னொருவன் இரண்டு நாளைக்கு, அடுத்தவன் நான்கு நாளைக்கு, அதற்கடுத்தவன் எட்டு நாளைக்கு. பதுக்கத் தொடங்கியதும் அரிசியில் உமி வந்தது; அறுத்த இடம் மொட்டையாகவே நின்றது. வரப்பு போட்டார்கள். வரப்பு வந்ததும் திருட்டு, திருட்டு வந்ததும் பொய், அடிதடி. கடைசியில் எல்லோரும் கூடி ஒருவனைத் தேர்ந்தெடுத்து, ஒழுங்கு காக்கச் சொல்லி நெல்லில் ஒரு பங்கு தந்தார்கள். அவன்தான் முதல் அரசன், மகாசம்மதன்.

நெல் விளைவிக்கும் நாட்டில், வயலை இழந்து நிற்கும் விவசாயிக்கு இந்தக் கதை போதும். தனியுடைமை இயற்கையில் இல்லை, இடையில் வந்தது. அரசன் கூலிக்கு அமர்த்தப்பட்டவன். 1948-ல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டத்துக்காகப் பேசியபோதும் பிரதமர் நூ இந்தப் பழங்கதையைத்தான் எடுத்தார்.

பொருள்முதல்வாதத்தைப் பிக்குகள் ஏற்றார்களா?

பெரும்பாலோர் ஏற்கவில்லை. வினை, மறுபிறப்பு என்ற இடத்தில் வழி பிரிந்தது. நூவும் பிற்காலத்தில் இதே காரணம் சொல்லிப் பொதுவுடைமையினரிடமிருந்து விலகி நின்றார்.

1938-39 போராட்டங்களில் பிக்குகளின் பங்கு என்ன?

பர்மிய ஆண்டு 1300 என்பதால் அது '1300 புரட்சி' எனப்படுகிறது. சௌக், ஏனாஞ்ஜவுங் எண்ணெய் வயல் தொழிலாளர்கள் ரங்கூனை நோக்கி நடந்தார்கள். மாணவர்களும் விவசாயிகளும் சேர்ந்தார்கள். 1938 டிசம்பர் 20 அன்று ரங்கூனில் போலீஸ் தடியடியில் மாணவர் ஆங் ஜோ அடிபட்டு இறந்தார். 1939 பிப்ரவரி 10 அன்று மாண்டலேயில் ஊர்வலத்தின் மீது சுட்டதில் பிக்குகள் உட்பட 17 பேர் இறந்தார்கள். அந்த மாதமே பிரதமர் பா மோவின் அமைச்சரவை கவிழ்ந்தது.

பர்மாவில் இருந்த தமிழர்கள் இதில் எங்கே வருகிறார்கள்?

இரண்டு இடங்களில், இரண்டிலும் எதிர்ப்பக்கத்தில். செட்டிநாட்டு நகரத்தார் கீழ்ப் பர்மாவின் நெல் சாகுபடிக்குக் கடன் கொடுத்தவர்கள். விலை சரிந்து கடன் திரும்பாதபோது அடமான நிலம் அவர்கள் கைக்கு வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் அவர்களிடம் இருந்தது. 1937-ல் 25 சதவீதம். கடன் கொடுத்தவருக்கும் அது நஷ்டம்தான், அவர்களுக்கு வேண்டியது வட்டியே தவிர வயல் இல்லை. வயலை இழந்தவன் அப்படிப் பார்ப்பான் என்று எதிர்பார்க்க முடியாது. மற்றொரு பக்கம், துறைமுகத்திலும் ஆலைகளிலும் மேஸ்திரியின் கடனில் கட்டுண்ட தெலுங்கு, தமிழ்க் கூலிகள். அவர்களும் சுரண்டப்பட்டவர்கள்தான்.

லோபத்தைப் பற்றிப் பேசிய மேடையே சில நேரம் 'கலா' என்று இந்தியர் அனைவரையும் சேர்த்துப் பழித்தது. 1938 ஜூலையில், ஒரு முஸ்லிம் எழுதிய புத்தகத்தைக் கண்டித்து ஷ்வேடகோனில் கூட்டம் நடந்தது. அது முடிந்து கிளம்பிய ஊர்வலம் இந்திய முஸ்லிம்களைத் தாக்கும் கலவரமானது. பிக்குகளும் அதில் இருந்தார்கள். இதை ஒதுக்கிவிட்டு இந்த வரலாற்றைப் பெருமையாக மட்டும் எழுதுவது பொய்யாகும். ஆட்சியை எதிர்ப்பதும் அயலாரை வெறுப்பதும் ஒரே சொற்களில் பேசப்பட்டபோது, கேட்டவர்கள் எதை எடுத்துக்கொள்வது என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை.

இலங்கையில் இதுபோன்ற பிக்குகள் இருந்தார்களா?

இருந்தார்கள். மையம், 1875-ல் பேலியகொடையில் தொடங்கிய வித்தியாலங்கார பிரிவேனா என்ற பிக்குகளின் கல்விக்கூடம். வட இந்தியாவிலிருந்து ராகுல சாங்கிருத்தியாயன் அங்கே வந்து கற்பித்தார், 1930-ல் துறவு பூண்டார். பின்னர் காவி களைந்து பீகாரில் விவசாயிகள் போராட்டத்தில் சிறை சென்றார். உடக்கெந்தவல சரணங்கர தேரர் கல்கத்தாவில் படிக்கும்போதே ஆங்கில எதிர்ப்பில் இறங்கி இந்தியச் சிறையில் இருந்தவர். இலங்கைப் பொதுவுடைமைக் கட்சியின் முன்னோடிகளில் ஒருவர். 1957-ல் லெனின் அமைதிப் பரிசு பெற்றார்.

1946 பிப்ரவரியில் வித்தியாலங்கார பிக்குகள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். துறவு வாழ்க்கைக்கு இடையூறு இல்லாதவரை, மக்கள் நலனுக்கான எந்தப் பணியும், அரசியல் என்று பெயர் பெற்றாலும், பிக்குவுக்குத் தகும் என்றது அது. இலவசக் கல்வியை ஆதரித்தவர்கள், இடதுசாரிகளோடு நின்றவர்கள் எழுதியது. ஆனால் அந்த உரிமையை யாரும் பயன்படுத்தலாம். பத்தே ஆண்டில் 1956-ல், சிங்களம் மட்டும் என்ற முழக்கத்தோடு பிக்கு முன்னணி தேர்தல் களத்தில் நின்றது. அதன் விலையைத் தமிழர்கள் கொடுத்தார்கள்.

கம்போடியாவில்?

பிக்கு ஹெம் சியூவைப் பிரெஞ்சுக்காரர்கள் கைது செய்ததை எதிர்த்து 1942 ஜூலை 20 அன்று ப்நோம் பென்னில் நூற்றுக்கணக்கான பிக்குகள் குடையோடு ஊர்வலம் போனார்கள். அதனால் 'குடைப் போர்' என்று பெயர். ஹெம் சியூ தீவுச் சிறையில் இறந்தார். பிற்காலக் கம்போடியப் பொதுவுடைமையினரில் தூ சாமுத் முன்னாள் பிக்கு.

தமிழ்நாட்டில்?

பிக்கு சங்கமே இல்லாததால் அதே வடிவில் இல்லை. ஆனால் 1923-ல் சென்னையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலர், அதற்கு முன்பே பௌத்த சங்கப் பணியில் இருந்தவர்.

பாத்திரம் கவிழ்த்தல் இன்றும் வழக்கில் உண்டா?

உண்டு. 1990-ல் மாண்டலேயில் இராணுவக் குடும்பங்களிடமிருந்து தானம் ஏற்க மறுத்தார்கள். மடங்களுக்குள் படை புகுந்தது. 2007 செப்டம்பர் 5 அன்று பகொக்குவில் ஊர்வலம் போன பிக்குகளை அடித்ததற்கு, 17-ஆம் தேதிக்குள் மன்னிப்புக் கேட்கும்படி கெடு வைத்தார்கள். இராணுவ ஆட்சி கேட்கவில்லை. 18-ஆம் தேதி முதல் பாத்திரத்தைக் கவிழ்த்து, அன்பைப் போதிக்கும் மைத்திரி சுத்தத்தை ஓதிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். தொடக்கத்தில் முழக்கம் எதுவும் எழுப்பவில்லை. 26-ஆம் தேதி கண்ணீர்ப்புகையும் துப்பாக்கியும் வந்தன. சில பிக்குகள் அப்போதும் பாத்திரத்தைத் தலைகீழாகவே பிடித்திருந்தார்கள்.